நாற்காலியில் ஒரு நீலக் குடை

மூங்கில்மலைத் தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியர் வகுப்பில் இருக்கிறாரா என்று அறிய யாரும் ஆளைத் தேடுவதில்லை. நாற்காலியைப் பார்த்தால் போதும். கறுப்புக் கைப்பை இருந்தால் குணபூசணி டீச்சர் இருக்கிறார். பழுப்பு சுவெட்டர் தொங்கினால் யோகேஸ்வரன் சேர் இருக்கிறார். ஆள் பக்கத்து வகுப்பில் நிற்பார், இல்லாவிட்டால் அதற்கும் அடுத்த வகுப்பில் கரும்பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். பொருள் இங்கே இருக்கிறது, ஆகவே ஆளும் இருக்கிறார். பிள்ளைகள் அப்படிப் பழகியிருந்தார்கள். பெரியவர்களும் அப்படியே பழகிப்போனார்கள்.

தொடக்கிவைத்தவள் ஊர்மிளா. கணிதம் படிப்பிக்க வந்த முதல் வருடமே அவள் தலையில் இரண்டு வகுப்புகளை ஒரே நேரத்தில் கட்டினார்கள். ஒரு வகுப்பில் கணக்கைப் போட்டுவிட்டு மறு வகுப்புக்கு ஓடும்போது தன் குடையை நாற்காலியில் வைத்து, "குடை இருக்கு. அப்படின்னா டீச்சர் இருக்கேன். சத்தம் கேட்டுச்சு, தோல உரிச்சிருவேன்" என்பாள். அது வேலை செய்தது. பிறகு வருடா வருடம் இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஆட்கள் மலையிறங்கிப் போனார்கள். பதிலுக்கு ஒருவரும் ஏறி வரவில்லை. பதினொரு வகுப்புக்கு ஆறு பேர் என்று வந்து நின்றபோது, குடையும் பையும் சுவெட்டரும் ஆசிரியர் குழாமில் பாதியாகிவிட்டன.

இந்த வருடம் இரண்டாம் ஆண்டு டீச்சர் பிரசவ லீவில் போனார். பதில் ஆள் கேட்டுக் கல்வி வலயக் காரியாலயத்துக்கு எழுதியாயிற்று. நேரிலும் போய்க் கேட்டாயிற்று. கடைசியில், பதில் கடமை பார்க்கும் அதிபர் செல்லசாமி ஊர்மிளாவைக் கூப்பிட்டு, மேசையிலிருந்த தாள் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டே சொன்னார்:

"உங்க வகுப்புல அந்த நிலக்ஷி இருக்கால்ல. அவ கொஞ்ச நாளைக்குக் காலையில கீழ ரெண்டாம் ஆண்டுல உக்காரட்டும்."

"ஓ.எல் சோதினை எழுதுற புள்ள சேர்."

"தெரியும் டீச்சர். அவ கெட்டிக்காரி, கெட்டிக்காரியத்தான் அனுப்ப முடியும். பிரதாப்ப அனுப்பவா? அவன அனுப்பினா ரெண்டாம் ஆண்டு அவனுக்குப் படிச்சுக் குடுக்கும்."

ஊர்மிளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது சம்மதமாகப் போயிற்று.

நிலக்ஷி பதினோராம் ஆண்டு. உயரமாக, ஒடிசலாக, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பிள்ளை. அப்பா இல்லை. அம்மா குவைத்தில் வீட்டு வேலை. மேற்பிரிவுத் தொழிலாளர் லயத்தில் அத்தை காளியாயியோடு ஒரே அறைக் காம்பிராவில் இருந்தாள். அம்மா போகிற அன்று டவுனில் வாங்கிக் கொடுத்த ஒரு நீலக் குடை அவளிடம் உண்டு. ஒரு கம்பி வளைந்தது, ஆனால் நிறம் மங்காதது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அவளை 'அக்கா டீச்சர்' என்றார்கள். இரண்டாம் நாளே அவளும் குடையை நாற்காலியில் வைக்கப் பழகிக்கொண்டாள்.

பாடசாலை சரிவில் கட்டியது. மேல் கட்டடத்தில் காரியாலயமும் பெரிய வகுப்புகளும், கீழ்க் கட்டடத்தில் சின்ன வகுப்புகள், இடையில் பாசி படிந்த கற்படிகள். மேலே யன்னலோரம் நின்றால் கீழே இரண்டாம் ஆண்டின் அரைச்சுவருக்கு மேலாக ஆசிரியர் நாற்காலி தெரியும். பனி இறங்கினால் கட்டடமே மறைந்துவிடும். அந்த நீலம் மட்டும் எப்படியோ தெரியும்.

மழை விடாமல் பிடித்த அந்த நாட்களில் ஒரு காலை, இடைவேளையில், குணபூசணி டீச்சர் ஊர்மிளாவிடம் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஆலோசனை வழங்கும் பயிற்சி முடித்தவர் அந்தப் பாடசாலையில் அவர் ஒருவர்தான். ஆலோசனை அறை என்று பலகை மாட்டிய அறையில் சத்துணவு அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவருக்கோ தமிழ், சமயம், வரலாறு மூன்றும் எல்லா வகுப்புக்கும்.

"உம்மட நிலக்ஷி என்னட்ட ரெண்டு தரம் வந்தவள். ஏதோ கதைக்கோணுமாம். தாயைப் பற்றியெண்டு நினைக்கிறன். நான் வெள்ளிக்கிழமை வா எண்டனான். வெள்ளிக்கிழமை எனக்கு மூண்டு வகுப்பு ஒண்டா விழுந்திட்டுது. பிறகு அவள் வரேல்லை."

"நான் கேக்குறேன் டீச்சர்."

"கேளும். முகம் சரியில்லை. எனக்கு அதுதான் ஒரு மாதிரிக் கிடக்கு."

கேட்கத்தான் நினைத்தாள். படியிறங்கிப் போகப் பார்த்தபோது மணி அடித்தது. பத்தும் பதினொன்றும் ஒரே அறையில் காத்துக்கொண்டிருந்தன. யன்னலால் எட்டிப் பார்த்தாள். நீலம் தெரிந்தது. இருக்கிறாள், நாளைக்குக் கேட்கலாம் என்று சோக்கை எடுத்தாள். காலையில் பெயர் கூப்பிடும்போதும் அவளுக்கு இதே பதில்தான். "நிலக்ஷி?" என்றால் வகுப்பே "கீழ இருக்கா டீச்சர்" என்று பாட்டுப் பாடும். அவளும் வரவு போட்டுவிடுவாள்.

ஒரு விஷயம் மட்டும் அவளை உறுத்தியது. இரண்டாம் ஆண்டில் சத்தமே இல்லை. முன்பெல்லாம் அந்த வகுப்பைத் தாண்டினால் ஒரு பாட்டு, ஒரு அழுகை, அக்கா டீச்சரின் அதட்டல் ஏதாவது கேட்கும். இப்போது மழை தகரத்தில் விழுகிற ஓசை மட்டும்.

செல்லசாமியிடம் அதைச் சொன்னபோது அவர் பெருமைப்பட்டார். "பாத்தீங்களா? நம்மள விட நல்லா வச்சிருக்கா. பேசாம அவளுக்கே நியமனம் குடுத்துறலாம்."

வலயத்திலிருந்து ஆளணி பார்க்க வருகிறோம் என்று சொன்ன நாள் வந்தது. எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், யாருக்கு எந்த வகுப்பு என்று பார்த்து, ஆள் தருவதா வகுப்பை மூடுவதா என்று முடிவெடுப்பார்கள். செல்லசாமி கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கந்தப்பளையில் படிப்பித்த காலத்தில் வாங்கியதாம். இப்போது மூச்சை முட்டியது. பனி வாசல்வரை வந்து நின்றது.

ஊர்மிளா கீழ்க் கட்டடத்தைத் தாண்டிப் போகையில் அரைச்சுவருக்குப் பின்னால் ஒரு குழந்தை விசும்புவது கேட்டது. உள்ளே போனாள். பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். முன் வாங்குப் பலகையில் தனுஜா என்கிற சின்னவள். உட்கார்ந்தபடியே ஒன்றுக்குப் போயிருந்தாள். வாங்கு நனைந்து, கால் வழியாகத் தரையில் ஓடியிருந்தது. பக்கத்துப் பிள்ளைகள் நகரக்கூட இல்லை.

ஊர்மிளா அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவித் துடைத்து, தன் சால்வையைச் சுற்றிவிட்டாள்.

"ஏன்டி தங்கம், கேட்டுட்டு வெளிய போக வேண்டியதுதானே?"

தனுஜா நாற்காலியைக் காட்டினாள். "குடை இருந்துச்சு டீச்சர்."

"குடை இருந்தா என்ன? அக்காகிட்ட கேக்கணும்."

"அக்கா இல்லையே."

"எங்க போனாங்க?"

"அக்கா வர்றதே இல்ல டீச்சர்." சொன்னது கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன். மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னான்.

ஊர்மிளாவின் கை தனுஜாவின் தலையிலேயே நின்றுவிட்டது. "அப்ப குடைய யாரு வைக்கிறது?"

"நாந்தான்." அழுகைக்கு நடுவிலும் தனுஜாவுக்குப் பெருமை. "நாந்தான் மொனிட்டர். காலையில அலுமாரியில இருந்து எடுத்து வைப்பேன். பெல் அடிச்சா உள்ள வச்சுருவேன். அக்கா டீச்சர் சொல்லிட்டுப் போனாங்க. குடை இருந்தா யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்களாம்."

"எப்ப இருந்து?"

"முட்டை குடுத்த அன்னிக்கு."

"இல்லடி, கருவாடு குடுத்தப்ப!"

"முட்டை! அக்கா அவங்க முட்டைய எனக்குத்தான் குடுத்தாங்க. அழுதுக்கிட்டே குடுத்தாங்க."

பாடசாலைச் சத்துணவில் முட்டை கொடுத்தது போன கிழமை, சரியாக ஏழு நாளுக்கு முன். ஊர்மிளா நாற்காலிக்குப் போய்க் குடையைக் கையில் எடுத்தாள். வானம் ஒரு கிழமையாகக் கொட்டிக்கொண்டிருக்க, அந்தக் குடை சருகாகக் காய்ந்திருந்தது.

குடையைக் கீழே வைக்காமலே படியேறி ஓடினாள். செல்லசாமியிடம் சொன்னபோது முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். அதே நேரம் கீழே வீதி வளைவில் ஜீப்பின் ஹோன் கேட்டது.

"டீச்சர், வந்துட்டாங்க."

"பொலிசுக்குச் சொல்லணும் சேர். ஒரு கிழமையா புள்ளைய காணோம்."

"மெதுவா, மெதுவா. காய்ச்சலா வீட்டுல படுத்திருப்பா. அவ அத்தை ஒன்னும் வந்து கேக்கலையே? காணோம்னா கேக்க மாட்டாளா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நல்லா யோசிங்க. படிக்கிற புள்ளைய வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கோம். அந்தப் புள்ள வரலைங்கிறதே நமக்குத் தெரியல. இத இப்ப இவங்க காதுல போட்டா, ரெண்டு டீச்சர் தர்றதா இருந்தவங்க பத்தையும் பதினொன்னையும் இழுத்து மூடிட்டுப் போயிருவாங்க. மத்த புள்ளைங்க எங்க போகும்? கொழுந்து பறிக்கவா? நீங்க லயத்துல போய் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. இன்னிக்கு மட்டும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவள் திரும்பி நடந்தாள்.

"ரெண்டாம் ஆண்டு சத்தம் போடாம பாத்துக்கங்க," என்று அவள் முதுகுக்குச் சொன்னார்.

குணபூசணியிடம் தன் வகுப்பை ஒப்படைத்தாள். "ஆருக்கு என்ன?" என்று அவர் கேட்டார். "வந்து சொல்றேன் டீச்சர்" என்றாள். கீழே இரண்டாம் ஆண்டில் அதற்குள் இரைச்சல் கிளம்பியிருந்தது. அவளைக் கண்டதும் நாலைந்து பேர் ஒன்றாக அழத் தொடங்கினார்கள். அதிகாரிகள் மேலே படியேறும் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஊர்மிளா கையிலிருந்த நீலக் குடையை நாற்காலியில் வைத்தாள். யோசித்துச் செய்ததல்ல, கை தானாகச் செய்தது.

"குடை இருக்கு," என்றாள். "டீச்சர் இருக்கேன்."

பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

காளியாயி பாதைக்குக் கீழே மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கட்டிய தார்ப்பாய்ப் படங்கிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஊர்மிளாவைக் கண்டதும் கூடையோடு இரண்டு நிரை மேலேறி வந்து, வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள்:

"என்ன டீச்சர், நீங்க இங்க நிக்கிறீங்க? புள்ளைங்கள கூட்டிட்டு டவுனுக்குப் போகலையா?"

"டவுனுக்கா?"

"விளையாட்டுப் போட்டின்னாளே! ரெண்டு நாளு தங்கணும், டீச்சர்தான் கூட்டிட்டுப் போறாங்கன்னு நல்ல துணியா பாத்து மடிச்சு எடுத்துட்டு இன்னிக்கு விடியக்காலமே போனா. என்னடி, நீ எப்ப ஓடின, கோழிய விரட்டக்கூட ஓட மாட்டியேன்னு கேட்டேன். சிரிச்சா."

அப்படியானால் இன்று காலைவரை நிலக்ஷி வீட்டில்தான் இருந்திருக்கிறாள்.

"யக்கா, இந்த ஒரு கிழமையா நிலக்ஷி ஸ்கூலுக்கே வரல."

காளியாயியின் விரல்கள் பழக்கத்தில் இன்னும் இரண்டு கொழுந்தைக் கிள்ளின. பிறகு நின்றன. "என்ன டீச்சர் பேசுறீங்க? தெனம் வெள்ளை உடுப்பு போட்டுத்தானே போறா. பொழுதுசாய வர்றா. கேட்டா, உங்ககிட்ட பின்னேர வகுப்பு இருக்குங்கிறா. தொப்பலா நனைஞ்சு வர்றா. குடை எங்கடின்னா ஸ்கூல்ல வச்சிருக்கேங்கிறா."

"ஸ்கூல்லதான் இருக்கு," என்றாள் ஊர்மிளா. "குடை மட்டும்."

மேலே நிரையில் கங்காணி, "காளியாயி, என்ன அங்க கல்யாணமா பேசுறீங்க?" என்று கத்தினான்.

"பேசாம இருய்யா நீ!" என்று அவனுக்குத் திருப்பிக் கத்திவிட்டு, குரல் உடைந்து கேட்டாள். "அப்ப இத்தன நாளா எங்க போனா டீச்சர்? நீங்கதானே பாத்துக்கிறீங்க?"

ஊர்மிளா நிலக்ஷியின் அம்மாவைப் பற்றிக் கேட்டாள். கூடையை இறக்காமலேயே காளியாயி சொன்னாள். சித்திரைக்குப் பிறகு குவைத்திலிருந்து போன் கோல் வரவில்லை. போட்டால் போன் வேலை செய்யவில்லை. பிள்ளை தூங்குவதில்லை. ஸ்கூலில் ஒரு டீச்சரிடம் சொல்லி யாருக்காவது எழுதலாம் என்றாளாம். அந்த டீச்சருக்கு நேரமில்லையாம்.

"அப்புறம் டவுன்ல ஒரு கொமினிகேஷன் கடை. லக்ஸ்மனோ என்னமோ பேரு. அங்க போட்டோ கொப்பி எடுக்கப் போனவகிட்ட ஏன் அழுறேன்னு கேட்டானாம். உக்கார வச்சு தேத்தண்ணி வாங்கிக் குடுத்து எல்லாத்தையும் கேட்டானாம். எனக்கு ஆள் தெரியும், கொழும்புல ஒரு ஒபீஸ்ல அம்மாகூட பேச வைக்கிறேன்னானாம். நான் திட்டினேன். யாருடி அவன், ஊரா உறவான்னு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல டீச்சர். நானும் விட்டுட்டாள்னு நெனச்சேன்."

இந்தப் பாடசாலையில் ஒருவருக்கும் இல்லாத நேரம் அவனுக்கு இருந்திருக்கிறது. ஊர்மிளாவுக்கு அதுதான் முதலில் தோன்றியது. அடுத்துத் தோன்றியது டவுன் ரயில் நிலையத்திலிருந்து கொழும்புக்குப் போகிற பகல் கோச்சி.

"நான் டவுனுக்குப் போறேன். நீங்க தோட்டத்துக் கண்டாக்கையாகிட்ட லீவு சொல்லிட்டு வீட்டுல இருங்க. போன் வந்தா எடுங்க."

பஸ் தரிப்பில் கடைச் சுவரில் ஒரு பழைய படம் ஒட்டியிருந்தது. காணவில்லை என்று தலைப்பு. போன வருடம் கீழ்ப்பிரிவிலிருந்து வேலைக்கென்று ஒரு ஆளோடு கொழும்புக்குப் போன பெண் அவள். மழை முகத்தைக் கரைத்து, தலைமுடியும் தோளும் மட்டும் மிஞ்சியிருந்தன. தினமும் பார்க்கிற படம்தான். இன்று அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் பனிக்குள் விளக்குப் போட்டு ஊர்ந்தது. நிலக்ஷியின் நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். அணைத்து வைத்திருந்தது. செல்லசாமியின் நம்பரும் அப்படியே. அதிகாரிகளுக்கு மரியாதையாக அவரும் அணைத்திருப்பார். மூச்சு விடக்கூடாது என்ற சொல்லை அதோடு விட்டுவிட்டுப் பொலிசுக்கு எடுத்தாள். சார்ஜன் தமிழ் பேசினார். பெயர், வயது, உயரம் எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"கோச்சி ஸ்டேஷனுக்கு ஒரு ஆள் அனுப்புறேன் டீச்சர். ஸ்கூல் நம்பர் குடுங்க, அதிபர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். அதுதான் முறை."

"அவரு போன் ஓஃப் சேர்."

"ஒபீஸ் போன் இருக்கும்தானே? அது குடுங்க."

கொடுத்தாள். முன் சீட்டில் நடத்துநர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: "பட்டிப்பொலயில ஒரே பனியாம். கோச்சி லேட்டுதான் இன்னிக்கு." அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊர்மிளா மீதி வழியைக் கடந்தாள். லேட். லேட்டாக வரட்டும். பஸ் ஒவ்வொரு வளைவிலும் முனகிக்கொண்டு நின்று நின்று போனது. டவுனுக்குள் நுழையும்போது அந்தக் கொமினிகேஷன் கடையைக் கண்டாள். தகரக் கதவு இழுத்துப் பூட்டியிருந்தது. வாசலில் ஒரு நாய் நனையாமல் ஒண்டிக் கிடந்தது.

ஸ்டேஷனுக்கு ஏறுகிற பாதையில் பாதியில் இருக்கும்போதே ஊதல் கேட்டது. ஓடினாள். அவள் மேடையை மிதித்தபோது கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு பனிக்குள் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, இல்லாமல் போனது. மேடையில் ஒரு சுமைக்காரனும், வெளியே போகத் திரும்பிய ஒரு இளம் பொலிஸ்காரனும்தான் நின்றார்கள்.

"நான்தான் கோல் எடுத்த டீச்சர். பொண்ணு எங்க?"

பொலிஸ்காரன் நிம்மதியாகச் சிரித்தான். கொஞ்சம் சிங்களமும் கொஞ்சம் தமிழுமாகச் சொன்னான். "பயம் வேணாம் டீச்சர். நீங்க சொன்ன பொண்ணு ஸ்கூல்ல இருக்கு. சார்ஜன் மாத்தயா விசாரிச்சது."

"என்ன?"

"ஸ்கூலுக்கு கோல் எடுத்தது. ஒரு சேர் பேசினது. வகுப்புல இருக்குன்னு சொன்னது. சார்ஜன் என்னை திரும்பி வா சொன்னது."

மழை மேடைக் கூரையில் கொட்டியது. ஊர்மிளா அவன் முகத்தையே பார்த்தாள். "இங்க ஒரு பொண்ணும் ஏறலையா?"

அவன் சிரிப்பு மெல்லக் கழன்றது. "ஒண்ணு இருந்தது. உயரம். கறுப்பு பேக். கூட ஒரு ஆள். நான் பக்கத்துல போனேன், பேர் என்னன்னு கேட்டேன். அந்த ஆள் சொன்னது, என் தங்கச்சி, சுகமில்ல, கொழும்பு ஹொஸ்பிட்டல் கூட்டிட்டுப் போறேன்னு. பொண்ணு என்னைப் பாத்தது. என்னமோ சொல்ல வந்தது. அந்த நேரம் சார்ஜன் கோல் எடுத்தது." அவன் நிறுத்தினான். "நல்லா நனைஞ்சு இருந்தது. குடை இல்ல."

அவன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் அறையை நோக்கி ஓடினான். அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் எடுங்கள், கோச்சியை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அவன் சிங்களத்தில் கத்துவது கேட்டது. திறந்த கதவின் வழியே, அடுத்த ஸ்டேஷனில் யாரும் எடுக்காத தொலைபேசியின் மணி ஸ்பீக்கரில் அடித்துக்கொண்டே இருந்தது.

ஊர்மிளா பாடசாலைக் காரியாலயத்துக்குப் போன் எடுத்தாள். யோகேஸ்வரன் உற்சாகமாக இருந்தார்.

"டீச்சர்! எங்க போயிட்டீங்க? இங்க எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. நம்ம கீழ் வகுப்புங்க இருக்குற அமைதியப் பாத்து பெரியவரு அசந்துட்டாரு. ரெண்டு பேரு தர்றதா..."

"சேர், பொலிஸ்ல இருந்து கோல் வந்துச்சா?"

"ஆமா, அத சொல்ல மறந்துட்டேன். நிலக்ஷி இருக்காளான்னு கேட்டாங்க. இருக்கான்னேன். ஏன், என்ன விஷயம்?"

"நீங்க அவள பாத்தீங்களா?"

"பாத்தேனே. யன்னல்ல எட்டிப் பாத்துட்டுத்தான் சொன்னேன். ரெண்டாம் ஆண்டுல..." அவர் தடுமாறினார். "குடை இருந்துச்சே டீச்சர்."

அவள் தூணில் சாய்ந்துகொண்டாள். வைத்தது யார் என்று அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இப்பவும் இருக்கா சேர்?"

"இருக்கு. இங்க இருந்தே தெரியுது. நீலமா."

"கீழ போங்க. போன கையிலயே வச்சுக்கிட்டு போங்க. போய் அந்தக் குடைய நாற்காலியில இருந்து எடுங்க."

படிகளில் அவர் சப்பாத்துச் சத்தம் கேட்டது, மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கைகட்டிய பிள்ளைகளின் அமைதி அது. அவளுக்கு அதை அடையாளம் தெரிந்தது.

"டீச்சர், இங்க யாரும் இல்லையே," என்றார் யோகேஸ்வரன். குரல் இறங்கியிருந்தது. "இத எடுத்தா புள்ளைங்க கத்துமே. அதிகாரிங்க இன்னும் மேல தேத்தண்ணி குடிக்கிறாங்க."

"கத்தட்டும் சேர்."

அவர் எடுத்திருக்க வேண்டும். முதலில் ஒரு பிள்ளை, தனுஜாவாகத்தான் இருக்கும், மெல்ல விசும்பியது. பிறகு இன்னொன்று. பிறகு இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த அந்த வகுப்பு முழுவதும் ஒரே குரலாக அலறத் தொடங்கியது. ஊர்மிளா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மறு காதில், ஸ்டேஷன் மாஸ்டரின் அறையிலிருந்து, அந்த மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.